ஊதா நிறக் களிம்பு

என் மருமகளின் மருந்து டப்பாவில் அவளுக்குத் தெரியாமல் வேறொரு மருந்தைக் கலந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் என் மகனின் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் தினமும் காலையில் அதிமதுரமும் இஞ்சியும் மணக்கும். திருச்சியில் எங்கள் தெரு நாட்டு மருந்துக் கடை வாசலில் நிற்பது போலிருக்கும். திரும்பிப் பார்த்தால் வெந்நீரில் சூடாக்கி ஓரம் வெட்டிய, எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகள் அச்சிட்ட பிளாஸ்டிக் பொட்டலம். கொரியக் கஷாயம்.

மருமகள் சுகன்யா கிள்ளானில் பிறந்தவள். அவள் விரல்களில் தோல் வெடித்து ரத்தம் கசியும். அரிப்பில் தூக்கம் போகும். பல களிம்புகள் பூசிச் சலித்தபின், தோழி சொல்லி அம்பாங்கில் இருக்கும் கொரிய வைத்தியரிடம் போனாள். நானும் துணைக்குப் போனேன். அவர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கோதுமையும் பாலும் வேண்டாமென்றார். "ஃபர்ஸ்ட் ஸ்டமக், தென் ஸ்கின். ஸ்லோ, அங்கிள்" என்றார். கஷாயப் பொட்டலங்களோடு நல்லெண்ணெய் வாசமடிக்கும் ஊதா நிறக் களிம்பு ஒன்றும் கொடுத்தார். வயிற்றுக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று காரில் வாய்விட்டுச் சிரித்தேன். ஊரில் வைத்தியர் பத்தியம் சொன்னால் கைகட்டிக் கேட்ட குடும்பம்தான் எங்களுடையது. கொரியர் சொன்னதும் சிரிப்பு வந்தது.

கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். ஆய்வுக்கூடத்தில் என் மாணவர்களுக்கு முதல் நாள் பாடம் ஒன்றுதான்: குடுவையில் இருப்பது மாறினால் அதன் மேல் ஒட்டிய பெயரும் மாற வேண்டும். மறந்தவனை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், என் கால் அரிப்புக்கு டாக்டர் எழுதித் தந்திருந்த வீரியமான ஸ்டீராய்டு களிம்பை அவள் டப்பாவில் பிதுக்கி, ஸ்பூன் காம்பால் ஊதா நிறம் சீராகும்வரை கலக்கினேன். அவள் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை என்பது உண்மை. நான் சொன்னதே சரி என்று எனக்குள்ளாவது நிரூபிக்க நினைத்ததும் உண்மை.

சில நாளில் விரல்கள் ஆறின. "பார்த்தீங்களா மாமா, அன்னிக்கு அப்படிச் சிரிச்சீங்க. இப்ப யாரு லா சிரிக்கிறது?" என்று தன் கிள்ளான் பேச்சில் கேட்டு, கையை விரித்துக் காட்டினாள். எல்லாம் தெரிந்தவன் போல நானும் சிரித்துவைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் கிள்ளானிலிருந்து அவள் தங்கை தொலைபேசியில் பேசினாள். ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது. "அக்கா, நீ குடுத்த கிரீம் சூப்பர். பாப்பா கன்னத்துல அந்தச் சிவப்பு போயிடுச்சு. டெய்லி மூணு வேளை போடறேன்."

கைக்குழந்தையின் முகத்தில், என் மருந்து. "போடாதேன்னு சொல்லும்மா," என்றேன். சுகன்யா அப்படியே சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.

சுகன்யா கத்தவில்லை. "பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் தங்கச்சிக்கு நான் என்னா சொல்வேன் மாமா?" என்று மட்டும் கேட்டாள். உடனே கிள்ளானுக்குப் போய், தங்கையிடம் நடந்ததை நானே சொல்லி, குழந்தையை டாக்டரிடம் காட்டினோம். சீக்கிரம் நிறுத்தியதால் கெடுதல் இல்லை என்றார். தங்கை குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள், என் கைக்கு எட்டாத பக்கம்.

மறுநாள் அம்பாங்குக்குப் போய்க் கொரியரிடமும் ஒப்புக்கொண்டேன். களிம்பின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து, இடுப்பை வளைத்து எனக்குத் தலைவணங்கினார். மன்னித்துவிட்டார் என்று எனக்குக் கண் கலங்கியது. லிஃப்டில் சுகன்யா சொன்னாள்: "அது மன்னிப்பு இல்ல மாமா. போயிட்டு வாங்கன்னு அர்த்தம். எல்லாருக்கும்தான் குனிவாரு."

களிம்பை நிறுத்தியதும் விரல்கள் முன்னைவிட மோசமாக வெடித்தன. இப்போது கொரியரிடமும் தோல் மருத்துவரிடமும் போகிறாள். இவர் கொடுப்பது அவருக்கும், அவர் கொடுப்பது இவருக்கும் தெரியும். நான் செய்யாமல் விட்டது அதைத்தான். தண்ணீரில் அவள் கை படக்கூடாதென்று பாத்திரங்களை நான் கழுவுகிறேன். என் சப்பாத்தி மாவையும் நானே பிசைகிறேன். விரல்கள் மெல்ல ஆறி வருகின்றன. எந்த மருந்தால் என்று நான் கேட்பதில்லை.

வெகுநாள் அவள் தன் மருந்தை என் கண்ணில் காட்டவில்லை. போன மாதம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், "மாமா, இதைச் சூடு பண்ணுங்க," என்று ஒரு பொட்டலத்தை நீட்டினாள். அன்றிலிருந்து அது என் வேலை. வெந்நீரில் போட்டு, பதமானதும் துடைத்து மேசையில் வைப்பேன். திருச்சி வாசனை உள்ளேயே அடைபட்டிருக்கும். அவள் வந்து, ஒட்டு விட்டிருக்கிறதா என்று நாலு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்து, தன் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வெட்டுவாள். அப்போதுதான் அந்த வாசனை என்னிடம் வரும்.