இரண்டு பக்கத் திட்டும் மூன்று நிமிடச் செய்தியும்

வானொலியில் செய்தி வாசிப்பவனுக்குச் சம்பளம் பிந்தினாலும் திட்டு நேரத்துக்கு வந்துவிடும். செய்தி கேட்டுப் பல்லைக் கடிக்கும் சக நோயாளிகளே, வாசிக்கிறவனின் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். புலம்பெயர்ந்து வந்த இல்ஃபோர்டில் ஒரு புடவைக்கடைக்கு மேலே எங்கள் தமிழ் வானொலி. காலையில் முதலில் மரண அறிவித்தல், பிறகு மூன்று நிமிடம் உலகச் செய்தி. இரண்டையும் நான்தான் வாசிக்கிறேன்.

இரண்டு காது

ஒரு திங்கட்கிழமை காஸா, இஸ்ரேல் இரண்டிலும் நடந்ததை வாசித்தேன். முடிந்ததும் நோர்பரியிலிருந்து ஒரு அண்ணை போன் எடுத்தார். நான் பாலஸ்தீனப் பக்கமாம். அவர் வைக்க, குட்மேய்ஸிலிருந்து இன்னொருவர். நான் இஸ்ரேல் பக்கமாம். இதே செய்தியைக் கேட்டுத்தான் இன்னொருவர் நேரெதிராகச் சொன்னார் என்றேன்.

"அப்ப அவர் வடிவாக் கேக்கேல்லை, தம்பி."

மணிக்கூடு

அடுத்த நாளிலிருந்து இரண்டு பேரும் மணிக்கூடு பிடித்தார்கள். எந்தப் பக்கத்துக்கு எத்தனை வினாடி என்று தினமும் கணக்கு வந்தது. எங்கள் முகாமையாளர் சிவம் அண்ணைக்கு வெறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமையும் முறைப்பாடு வந்தால் உலகச் செய்தியை நிறுத்திவிட்டு ராசிபலன் போடப்போவதாகச் சொன்னார். பதினொரு வருடமாக நானே எழுதி நானே வாசிப்பது அந்த மூன்று நிமிடம் மட்டும்தான். ராசிபலனுக்கும் முறைப்பாடு வரும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"சனி பகவான் போன் எடுக்கமாட்டார்."

பெயர்

வியாழக்கிழமை, இஸ்ரேலில் இறந்த ஓர் ஆசிரியையின் பெயரும் வயதும் கிடைத்தன, வாசித்தேன். காஸாவுக்கு எண்ணிக்கை மட்டும் கிடைத்தது, அதையும் வாசித்தேன். மன்னார்க்காரியான மேரி அக்கா போன் எடுத்தார். தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர், ஒருநாளும் திட்டாதவர்.

"அந்த டீச்சருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான், தம்பி. மற்றவைக்கு ஆற்றை பேரைச் சொல்லிக் கொளுத்துறது? எங்கட மனுசன் ஷெல்லில செத்த அண்டைக்கும் ரேடியோவில இத்தினை பேர் எண்டுதான் சொன்னவை."

வெள்ளிக்கிழமை

தேடியதில் காஸாவில் இறந்த ஒரு தையற்காரரின் பெயரும் குடும்ப விவரமும் கிடைத்தன. வாசிக்கத் தொடங்கியதும் நாக்கு மரண அறிவித்தலின் பழைய தடத்தில் போய்விட்டது. காஸாவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று போய், இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும் என்று முடித்துவிட்டேன். கண்ணாடிக்கு அப்பால் சிவம் அண்ணை தலையில் கைவைத்தார். போன் அடித்தது. குட்மேய்ஸ்காரர்.

"மணிக்கூடு பாக்க மறந்துபோனன், தம்பி. செத்தவீடு எப்பவெண்டு நீர் சொல்லேல்லையே?"

அன்றைக்கு முறைப்பாடு எதுவும் வராததால் உலகச் செய்தி தப்பியது, திங்கட்கிழமை இரண்டு மணிக்கூடும் வேலைக்குத் திரும்பிவிட்டன.