நாத்தனார் பிடித்த ராக்கெட்

போன ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து போனைத் திறந்தேன். காபி கசந்துவிட்டது.

செயற்கைக்கோள் பார்க்கிற எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் என் நாத்தனார் ஸ்டெல்லாவுக்கு வாழ்த்து மழை! பழைய ராக்கெட்டின் காலிப் பாகம் ஒன்று குட்டிக்கரணம் அடித்தபடி பூமியைச் சுற்றுகிறது. புரளும்போது வெயில் பட்டு, விட்டு விட்டு மின்னும். அது இப்போது முன்பைவிட மெதுவாக மின்னுகிறது என்று விநாடிக் கணக்கோடு ஸ்டெல்லா எழுதியிருந்தாள். வெளிநாட்டு ஆர்வலர் ஒருவர் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்.

எனக்கு? பல வருஷமாக ஓசூர் மொட்டைமாடியில் கழுத்து வலிக்க நிற்கிறேன். ஒருவராவது... ம்ஹூம். அவளுக்கு பைனாகுலர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான் — அதுவும் போன கிறிஸ்துமஸுக்கு!

முன்பின் தெரியாதவர் ஜெயித்தால் தாராளமாகக் கைதட்டுகிறோம். சொந்தக்காரர் ஜெயித்தால் மட்டும் ஏன் கை எழுவதில்லை?

என் கை எழுந்தது — டைப் அடிக்க. ‘பெங்களூர் போற ஃபிளைட்டா இருக்கும். நல்லா செக் பண்ணிக்கோ.’

வாழ்த்து நின்றது. ‘எனக்கும் அந்த டவுட்தான்’ என்றார் ஒருவர். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“அண்ணி, ஃபிளைட்டுக்கும் ராக்கெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நானு?” ஸ்டெல்லாவின் குரல் உடைந்திருந்தது. “இன்னிக்கு சாயங்காலமும் வருது. நீங்களே வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க.”

கணவரைத் துணைக்குக் கூப்பிட்டேன். “உங்க ரெண்டு பேர் நடுவுல நான் வரலைம்மா” என்று டிவிக்குத் திரும்பிவிட்டார்.

ஸ்டெல்லா இருக்கும் சூளகிரிக்கு பஸ் ஏறினேன். அவள் சொன்னது தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

அவள் வீட்டு மாடியில் ஏறியதும் வயிறு இன்னும் எரிந்தது. எங்கள் ஊரில் ஆலை விளக்குகளுக்கு நடுவே நட்சத்திரத்தைத் தேட வேண்டும். இங்கே தக்காளித் தோட்டத்துக்கு மேலே, முழுசாக இருட்டும் முன்பே எத்தனை!

“அண்ணி, அதோ!”

பைனாகுலரைத் திருப்பினேன். பளிச். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை... பளிச்! சத்தமில்லை, சிவப்பு விளக்கில்லை. ஸ்டாப்வாட்சை அழுத்தினேன், திரும்பத் திரும்ப அழுத்தினேன். அவள் சொன்ன கணக்கேதான். நடுவானத்தைத் தாண்டியதும் பூமியின் நிழலுக்குள் நுழைந்து அப்படியே மறைந்தது. எந்த விமானம் அப்படி மறையும்?

ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ராக்கெட்தான்” என்றேன்.

“எங்கிட்டச் சொன்னா போதுமா அண்ணி? குரூப்ல போடுங்க.”

‘நேரில் பார்த்தேன். ஸ்டெல்லா சொன்னது சரி. அவசரப்பட்டுப் பேசியது நான்தான்.’ இத்தனை வருஷம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். இந்த மூன்று வரிக்குப் பட்ட பாடு வேறெதற்கும் பட்டதில்லை.

மறுபடி வாழ்த்து கொட்டியது — அவளுக்கு! எனக்கு ஒரே ஒரு கட்டைவிரல். அதுவும் ஸ்டெல்லா போட்டது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன். “ஏங்க, சூளகிரியில உங்க தங்கச்சி வீட்டுப் பக்கத்துல இடம் ஏதாவது இருக்குதா? அவ வீட்டைவிட ஒரு மாடி கூடுதலா கட்டிக்கலாம்!”