குரல் இல்லாத ஞாயிறுகள்

போன வாரம் ஓசூர் பேருந்து நிலையத்தில் ஆட்டோ ஏறினேன். குழியும் லாரியுமாகக் கிடந்த சாலையைப் பார்த்துவிட்டு, "பைய போங்க தம்பி" என்றேன். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார். "பையி எங்க சார்? பஸ்லயே விட்டுட்டீங்களா?" மெதுவாகப் போகத்தான் சொன்னேன் என்று விளக்கியதும் சிரித்துவிட்டு, யாருக்கோ போன் போட்டுக் கன்னடத்தில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வேகமாகத்தான் ஓட்டினார்.

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சிறு சபைக்குப் போதகராக இங்கே வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கடல் தாண்டிப் போன என் ஊர்க்காரர்கள் இதை வாசித்தால், ஒரு பேருந்துத் தூரத்தில் இருப்பவனுக்கு என்ன புலம்பெயர்வு என்று கேட்கக்கூடும். உண்மைதான், மாநிலம்கூட மாறவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் நான் வெளியூர்க்காரன். என் சபையிலும் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஊத்தங்கரையிலிருந்து, சேலத்திலிருந்து, தெற்கே மதுரைக்கு அப்பாலிருந்து வேலை தேடி வந்தவர்கள். இந்த மண்ணிலேயே பிறந்த தெலுங்குக் குடும்பங்களும் கன்னடக் குடும்பங்களும் உண்டு. தமிழர்களுக்கு நான் பாஸ்டர், தெலுங்குக்காரர்களுக்கு அய்யகாரு.

எங்கள் ஊரில் ஞாயிறு என்றால் ஊரே ஞாயிறாக இருக்கும். மணி அடித்தால் கடைகள் பாதி சாத்திவிடும். சிறு வயதில் எங்கள் சபையில் ஒரு போதகர் இருந்தார். ஒலிபெருக்கி இல்லாமல் அவர் பேசுவது கடற்கரையில் வலை உதறுகிறவர்களுக்குக் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நானும் இந்த ஊழியத்துக்கு வர ஆசைப்பட்டேன். இங்கே தொழிற்சாலைகளுக்கு ஞாயிறு தெரியாது. ஒவ்வொருவருக்கும் வார விடுமுறை ஒவ்வொரு நாள். முதல் ஷிப்டுக்குப் போனவர்கள் மாலை ஆராதனைக்கு யூனிபார்மோடு வருவார்கள். இரவு ஷிப்டு முடித்தவர்கள் காலை ஆராதனையில் சுவரில் சாய்ந்து தூங்குவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை, மற்ற நாட்களில் வீட்டு ஜெபங்கள். எங்கள் ஆலயத்துக்குத் தகரக் கூரை. பக்கத்தில் லேத் பட்டறை. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி என் தொண்டை கரகரக்கத் தொடங்கியது. மிளகுக் கஷாயம் குடித்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, என் மனைவி எஸ்தரைக் கூப்பிட வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பெங்களூரில் பார்த்த மருத்துவர் குரல் நாணில் கட்டி என்றார். புற்று இல்லை என்று அவர் சொல்லும்வரை எஸ்தர் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அறுவை சிகிச்சை முடிந்தது. சில வாரங்கள் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது, குசுகுசுவென்றும் பேசக்கூடாது, அதற்குப் பிறகும் பழைய குரல் வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

அந்த வாரம் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தான். எஸ்தர் ஸ்பீக்கரில் போட்டாள். "ஏல, பேசாம இங்க வந்துரு. அங்க கெடந்து என்னத்துக்குச் சீரழியுத? பேச்சே போனப்பொறவு அங்க ஒனக்கு என்ன சோலி?" அவன் சொன்னது கோபம் தரவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. களைப்பு அப்படி. குரல் கொஞ்சம் வந்ததும் சபையில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவோம் என்று மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன்.

முதலில் வந்தவர் மார்த்தம்மா. பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிறவர், முள் கீறாத இடமே இல்லாத கைகள். ராகிக் களியும் கொள்ளுச் சாறும் தூக்கில் கொண்டுவந்து வைத்தார். நன்றி சொல்ல நான் வாயெடுத்ததும் விரலை உதட்டில் வைத்து, "மாட்லாடொத்து அய்யகாரு!" என்று அதட்டினார். "நான் பேசறேன், நீங்க கேளுங்க." மருமகளின் பிரசவம், தோட்டத்து சூப்பர்வைசர், முட்டி வலி எல்லாம் சொன்னார். கடைசியில் வழக்கமாக நான் செய்கிறதை அவரே செய்தார்: என் தலையில் கை வைத்துத் தெலுங்கில் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

பிறகு தினமும் யாராவது வந்தார்கள். இரவு ஷிப்டு முடித்த இளைஞன் ஒருவன் காலையில் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பேச ஒன்றும் இல்லாமல் அப்படியே தூங்கிவிட்டான். எஸ்தர் எழுப்பித் தேநீர் கொடுத்து அனுப்பினாள். நான் போகவேண்டிய ஆஸ்பத்திரிப் படுக்கைகளுக்கும் வீட்டு ஜெபங்களுக்கும் அவர்களே முறைபோட்டுப் போனார்கள்.

ஞாயிறன்று நான் வீட்டிலேயே இருக்க நினைத்தேன். கியர் கம்பெனியில் வேலை செய்யும் செல்வராஜ் விடவில்லை. ஊத்தங்கரைக்காரர், எங்கள் சபைச் செயலாளர். "நீங்க ஒண்ணும் பண்ணவேணாம் பாஸ்டர். முன்னால சும்மா குந்துனு இருங்க, போதும்." உட்கார்ந்தேன். சங்கீதத்தைத் தமிழில் ஒருவரும் கன்னடத்தில் ஒருவரும் வாசித்தார்கள். பிரசங்க நேரம் வந்தபோது செல்வராஜ் மைக்கைப் பிடித்தார். "எனக்குப் பிரசங்கம் வராது. இந்த வாரம் எங்க லைன்ல கான்ட்ராக்ட் ஆளுங்கள நிறுத்திட்டாங்க. அதுல என் தங்கச்சி வீட்டுக்காரும் ஒருத்தரு. கம்பெனி கேட்டு வாசல்ல நின்னு அழுதாரு. எல்லாரும் அவருக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான். முழங்கால் போட்டோம். எத்தனையோ வருடம் அந்த மேடையில் நின்றவன், முதல் தடவையாக அவர்களோடு பாயில் முழங்கால் போட்டு, அவருக்காக ஜெபித்த பிறகு எனக்காகவும் வேறு ஒருவர் ஜெபிப்பதைக் கேட்டேன். அழுதேன். அதற்குச் சத்தம் தேவைப்படவில்லை.

மருத்துவர் கொஞ்சம் பேசலாம் என்று சொன்ன பிறகு வந்த ஞாயிறு அது. நல்ல வெயில் காலம். ஊருக்குப் போகிறேன் என்று சொல்வதற்காகத்தான் எழுந்து நின்றேன். வந்தது என் குரல் இல்லை. கிழிந்த துணியை இழுப்பதுபோல ஒரு சத்தம். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. யாரோ எழுந்து மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். ஒருவர் வெளியே போய் லேத் பட்டறை முதலாளியிடம் என்ன சொன்னாரோ, அதுவும் நின்றது. பட்டறை முதலாளி முஸ்லிம், பெரியவர். வாசலில் வந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். தகரத்தின் கீழே அத்தனை பேரும் வியர்வையில் நனைந்து, விசிறிக்கொள்ளக்கூடச் செய்யாமல் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. "உங்களுக்கு நன்றி" என்றேன். மறுபடியும் அதையே சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் செல்வராஜிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். இனி இந்தக் குரல் இவ்வளவுதான், ஊருக்குப் போய்விடலாம் என்றிருக்கிறேன் என்று. அவர் குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "ஒடம்புக்கு முடியலன்னா போங்க பாஸ்டர், நாங்க தடுக்க மாட்டோம். பேச முடியலன்றதுக்காகப் போகாதீங்க. பேச நாங்க இருக்கறோமில்ல."

போகவில்லை. இப்போது நான் கால் மணி நேரம் பேசுகிறேன், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். களைப்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். பாட்டு பாட முடியவில்லை. மாலையானால் தொண்டை எரிகிறது. ஊருக்குத் திரும்புவது பற்றி அண்ணன் இன்னும் கேட்கிறான், நானும் நினைக்கிறேன்.

இந்த மே மாதம், சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசன விருந்துக்காக ஊருக்குப் போயிருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் ஆராதனைக்கு மணி அடித்தது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வால, நேரமாச்சு" என்று கோயில் வாசலிலிருந்து கூப்பிட்டான். அந்த நேரம் பார்த்து செல்வராஜ் போனில் வந்தார். பின்னால் ஜெபக்கூட்டம், ஒரே ராகத்தை மூன்று பாஷையில் பாடிக்கொண்டிருந்தார்கள், மார்த்தம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது. "எப்ப பாஸ்டர் வருவீங்க?" என்றார். மணி ஓயவில்லை. மணிச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவதா, போனை வைப்பதா என்று தெரியாமல், ஒரு காதில் போனும் மறு காதில் மணியுமாக மணலில் நின்றேன். "செவ்வாக்கெழம காலைல" என்று அந்தக் கிழிந்த குரலில் சொன்னேன். அண்ணன் வாசலிலிருந்து, "எங்கேருந்துல போனு?" என்றான்.

"வீட்டுலேருந்து" என்றேன்.