புளித்த தொட்டி

அழகையா இறந்த மறுமாதமே அவர் மனைவி கனகமணிக்குப் பாசித் தொட்டி வேலை கிடைத்துவிட்டது. குன்னூருக்குக் கீழே உள்ள அந்த எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலைக்கு ஆள் இல்லையென்றால் வீடும் இல்லை. இடுப்பு வலியால் கொழுந்து பறிப்பதை எப்போதோ விட்டுவிட்டவளுக்கு மேனேஜர் பார்த்துக் கொடுத்த வேலை அது. லயத்துப் பெண்கள் "அதிர்ஷ்டக்காரி" என்றார்கள். ஆமாம், புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு வந்த அதிர்ஷ்டம்!

சாவு வீட்டிலேயே அவள் அழவில்லை. பக்கத்து வீட்டு ராக்கம்மா கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது, வெளியே போட்ட விறகு மழையில் நனைகிறதே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. ஊருக்கென்ன, பேசும். அழுகை வரவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். எதிலும் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

தொட்டி, பழைய தேயிலைக் கொட்டகையில் கண்ணாடிக் கூரைக்கு அடியில் இருந்தது. உள்ளே பச்சைத் தண்ணீர். அந்தப் பச்சை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பாசி. வளர்ந்ததும் காயவைத்துப் பொடியாக்கி மாத்திரைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். தண்ணீரைக் கலக்கிவிடுவதும் காற்றுக் குழாய் அடைக்காமல் பார்ப்பதும் கனகமணியின் வேலை. மற்றதெல்லாம் காந்தலிலிருந்து வாரம் ஒருமுறை வரும் ஜெனிஸின் பொறுப்பு. பாசியைப் பற்றிப் படித்த பெண் அவள். கனகமணியின் கதையை அவளிடம் யாரும் சொல்லவில்லை; கனகமணியும் சொல்லவில்லை.

ஒரு வாரம் மழையில் பாதை சரிந்து ஜெனிஸால் வர முடியவில்லை. தண்ணீர் வெளுக்க ஆரம்பித்தது. தேயிலைச் செடி வெளுத்தால் என்ன செய்வார்கள்? உரம் தூவுவார்கள். அழகையா ஆயுசு முழுக்க அதைத்தான் செய்தார். அவர் விட்டுப்போன அமோனியா உர மூட்டை வீட்டுக் கதவோரம் கிடந்தது. கனகமணி அதில் அள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் கரைத்தாள்.

முதலில் பச்சை கூடியது. பிறகு மஞ்சளாகி, கட்டி கட்டியாக அடியில் போய்ப் படிந்தது.

பாதை திறந்ததும் வந்த ஜெனிஸ், தண்ணீரில் புளிப்பைக் காட்டும் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். "ஏனுங்க அக்கா, தண்ணி இப்படிப் புளிச்சுக் கெடக்குது? இதுல வந்து பாருங்க" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். முன்பு ஒருதடவை பார்த்தபோது கடுகு கொட்டியதுபோல் சின்னச் சின்ன உருண்டைகள் தனித்தனியாகத் தெரிந்தன. இப்போது எல்லாம் வீங்கி, கோணலாகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"உள்ளுக்குள்ள நாலு குட்டி தெரியுதுங்களா? நல்ல தண்ணின்னா தாயோட தோலு கிழிஞ்சு அதுங்க வெளிய வந்துரும். தண்ணி புளிச்சா தோலு கிழியாது. குட்டிக வர வழியில்லாம, தாய் வீங்கிட்டே போகும்." ஜெனிஸ் பெருமூச்சு விட்டாள். "தொட்டி போச்சுன்னா மேனேஜர் கொட்டகையைப் பூட்டிருவாருங்க அக்கா."

பூட்டினால் வீடு போய்விடும். கனகமணிக்கு அது நன்றாகவே தெரியும். பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"தேயிலைக்குப் போடுற உரத்தைப் போட்டேனுங்க" என்றாள்.

"மாதாவே! தேயிலைக்குப் புளிச்ச மண்ணுதான் பிடிக்கும், அதுக்கு அந்த உரம் சரி. பாசி அதைத் தின்னத் தின்னத் தண்ணி புளிச்சுக்கிட்டே போகுமேங்க!" ஜெனிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. இருவருமாகப் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டார்கள். ஆப்பசோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றினார்கள். ஜெனிஸ் ஊருக்குத் திரும்பிய பிறகும் கனகமணி தினமும் தாளை நனைத்துப் பார்த்து, சொன்ன அளவு சோடாவைப் போட்டுவந்தாள்.

அடுத்த வாரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்த ஜெனிஸ் கூவியேவிட்டாள். "வெளிய வந்துருச்சுங்க அக்கா!"

கனகமணி பார்த்தாள். பழையபடி சின்ன உருண்டைகள். நடுநடுவே ஏதோ கிழிசலாக மிதந்தது.

"அது என்னங்க?"

"தாயோட தோலுங்க. குட்டிக போயிருச்சில்ல, வெறுந்தோலு மட்டும் மிஞ்சும்."

கனகமணி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேனேஜர்கிட்டப் பேசிட்டேன். நீங்களே இருங்க" என்றாள் ஜெனிஸ், சந்தோஷம் தாங்காமல். "அதுசரி, உரம் ஏது உங்களுக்கு?"

"ஊட்டுக்காரர் வச்சிருந்ததுங்க. மூட்டை இன்னும் ஊட்டுலதான் கெடக்குது."

"அப்படியா சங்கதி! அவரை இங்க வரச் சொல்லுங்க. நானே ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்று சிரித்தாள் ஜெனிஸ்.

அவர் போய்ச் சேர்ந்த சேதியை எல்லோரும் கனகமணியிடம் சொன்னார்களே தவிர, அவள் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. லயத்தில் தெரியாதவர் யார்?

"அவரு செத்துப் போயிட்டாருங்க" என்றாள்.

ஜெனிஸின் சிரிப்பு அப்படியே நின்றது. கனகமணி மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

"ஒண்ணும் தெரியலீங்களே. கலங்கலா இருக்குது."

ஜெனிஸ் அவசரமாக மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்ப வந்தாள். கனகமணியின் முகத்தைப் பார்த்ததும் திருகை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டாள். வெளியே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், கொட்டகையிலிருந்து வந்த அழுகையைக் கேட்டு, கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.