மாடி அறையில் ஒரு மின்பொறி

பன்னிரண்டு வயதில், மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது என் கணிப்பு. இப்போது அதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன். தெரியாதவை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன. அந்த வயதுத் தைரியத்தில் பாதி மிச்சம் இருந்தாலும் அலுவலகத்தில் எவரையும் ஒரு கை பார்த்துவிடுவேன்.

எங்கள் வீடு செம்பாக்கத்தில், ஏரிக்கு அடுத்த தெருவில். நல்ல காற்று வரும் என்றுதான் அப்பா அங்கே வாங்கினார். காற்றை முந்திக்கொண்டு கொசு வந்தது. மாலையானால் ஆளுக்கொரு கொசு பேட்டோடு அலைவோம். கொசு மாட்டும்போது படக்கென்று ஒரு நீலப் பொறி தெறிக்கும். அந்தப் பொறியைப் பெரிதாக்கி, ஜூலையில் நடக்கும் பள்ளி அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்குவது என்று முடிவு செய்தேன்.

மே விடுமுறையில் வேலை தொடங்கியது. செத்துப்போன ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரைப் பிரித்து ஒரு ரிலேயை எடுத்தேன். மின்சாரம் பாய்ந்தால் டக்கென்று ஒட்டிக்கொண்டு, நின்றால் விலகும் சின்னப் பெட்டி அது. தன் மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொள்ளும்படி இணைத்துவிட்டால், ஒட்டுவதும் விலகுவதுமாக வண்டு போல ரீங்காரமிடும். கேம்ப் ரோடு மெக்கானிக் அண்ணா பழைய பைக்கின் இக்னிஷன் காயிலைக் கொடுத்தார். "இத்த வெச்சுக்கினு இன்னா பண்ணப் போற? கையை வெச்சிராத பாப்பா, தூக்கி அடிச்சிடும்" என்றார். கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்ஸிலிருந்து கழற்றிய பேட்டரி அப்பாவின் உபயம். ரிலே மின்சாரத்தை விட்டு விட்டு வெட்ட, காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்த, பலகையில் எதிரெதிரே நிற்கும் இரண்டு ஆணிகளுக்கு நடுவே பொறி பறக்க வேண்டும்.

பறந்தது, எறும்பு அளவுக்கு. நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ரிலேயின் முனைகளுக்குக் குறுக்கே, மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்தேன். ஐந்தாம் நாள் ஒரு விரல்கடை நீளத்துக்குப் பொறி சடசடவென்று வெடித்தது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஒரே நாளில் வெறுத்துவிட்டது. "மாடிக்கு எடுத்துட்டுப் போ. மாமா ரூம்ல வெச்சுப் பண்ணு. அவருக்குத்தான் காது கேக்காதே, தொந்தரவு இருக்காது" என்று தீர்ப்புச் சொன்னார்.

மாமா அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்கள் மாடி அறையில் இருந்தார். கணக்கு வாத்தியார். கொஞ்ச காலமாகக் காது மந்தம். பின்பெஞ்சுப் பிள்ளைகள் கேட்கும் சந்தேகம் அவருக்கு எட்டுவதில்லை. ஜூனிலும் இப்படியே இருந்தால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அவரை ஆபீஸ் ரூமில் உட்காரவைப்பதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அதனால்தான் அந்த விடுமுறையில் காது மெஷின் வந்தது. நாள் முழுக்க மாட்டிப் பழகினால்தான் இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்க வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மாமா பழகுகிற வழியாக இல்லை. மாட்டுவார், சற்று நேரத்தில் கழற்றிவிடுவார். காதுக்குள் ஏதோ வறுக்கிற மாதிரி சத்தம் வருகிறது என்பார். அப்பா கடைக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார். மெஷினில் ஒரு குறையும் இல்லை.

"போட்டுக்க வெக்கமா இருக்குன்னு சொல்லுங்கண்ணா. மெஷின் மேல பழி போடாதீங்க. கிளாஸை எடுத்துட்டாங்கன்னா தாங்குவீங்களா?" என்று அம்மா சாப்பாட்டு மேஜையில் நேராகவே கேட்டார். எனக்கும் அதே எண்ணம்தான். மாமா ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் அவர் மெஷினை மாட்டிக்கொண்டு என் பலகை முன் வந்து உட்கார்ந்தார். "பாப்பா, பட்டனை மூணு தடவை அமுக்கு. கொஞ்சம் நிறுத்து. அப்புறம் ரெண்டு தடவை" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். செய்தேன். இன்னொரு முறை செய்யச் சொன்னார். பிறகு திரும்பி, அந்த ஆணிகளை வெகுநேரம் பார்த்தார்.

"கண்காட்சி எப்போ?"

"ஜூலையில மாமா. ஃபர்ஸ்ட் பிரைஸ் எனக்குத்தான்."

"பின்ன? உனக்குத்தான்" என்றார்.

கணக்கு வாத்தியாரையே மயக்கிவிட்டோம் என்று பூரித்துப்போனேன்.

அன்றிலிருந்து மாமா ஊர் சுற்றத் தொடங்கினார். காலையில் கிளம்பினால் மதியம் வருவார். மாலை மறுபடியும் போவார். தாம்பரம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்ததை அப்பாவே பார்த்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது எனக்கு வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும். கூடவே ஷேர் ஆட்டோக்காரர் குரலில், "கேம்ப் ரோடு, சேலையூர், மேடவாக்கம், ரெண்டு சீட்டு கீது, வா வா" என்று கூவிக்காட்டுவார். "ரோட்டுக்கு அந்தாண்ட நின்னு கத்துனதுகூடக் கேட்டுச்சு பாப்பா" என்பார். நான் கடலையைத் தின்றபடி சிரிப்பேன். மாடி அறை முழுவதும் எனக்கே கிடைத்ததில் பரம திருப்தி.

ஜூனில் மாமா மெஷினோடு வகுப்புக்குப் போனார். வகுப்பு அவரிடமே நின்றது. அம்மா ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார், தான் திட்டியதால்தான் அண்ணன் திருந்தினார் என்ற நிறைவோடு.

கண்காட்சியில் நான் பொத்தானை அமுக்கியதும் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மாமா ஒருவர்தான் பொத்தவில்லை. நெஞ்சில் கை வைத்தபடி சிரித்துக்கொண்டு நின்றார். முதல் பரிசு ஒரு சோடா உப்பு எரிமலைக்குப் போனது. அந்தத் தீர்ப்பை நான் இன்றுவரை ஏற்கவில்லை.

இப்போது எனக்கு ஓ.எம்.ஆர் சாலையில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. ஒரு கருவி கிளப்பும் மின் இரைச்சல் பக்கத்திலிருக்கும் இன்னொன்றைக் கெடுக்கிறதா என்று பார்ப்போம். சேர்ந்த முதல் வாரம் ஒரு காது மெஷின் வந்தது. அதில் விழும் ஒலியை ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு பொறியைக் கிளப்பினார்கள். காதுக்குள் ஏதோ வறுபட்டது.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மாமா அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே என் பலகை பரணுக்குப் போயிருக்கும். அவரோ திட்டை வாங்கிக்கொண்டு, மெஷினைப் பழக பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கண்காட்சிப் புகைப்படத்தைத் தேடி எடுத்தேன். மாமாவின் காதில் மெஷின் இல்லை. பெருமையில் நெஞ்சில் வைத்திருப்பதாக நான் நினைத்த கை, சட்டைப்பையை மூடியிருந்தது. பைக்குள் மெஷின்தான் இருந்திருக்கும். கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும்; அதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.