இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் கால் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், "இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவரிடம் முகம் மாறாமல் பதில் சொல்வதுதான் கஷ்டம். இது உங்களுக்கும் தெரியாததல்ல. வெளியூர் விருந்தாளி ஒருவர் உங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே இதே கேள்வியைக் கேட்டிருப்பார். பிறந்ததிலிருந்து பார்த்த ஊர் அந்த நிமிஷம் முழுதாக மறந்துபோய் நீங்களும் விழித்திருப்பீர்கள். நான் அப்படி விழிப்பதற்குச் சம்பளம் வாங்கினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து வீடு திரும்பிய வருடம் அது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அரசாங்க வேலைக்குக் குடியுரிமை வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்பதால், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அது ஒருவருக்கும் இல்லை. எனவே தலவாக்கலையில், கொத்மலை ஓயா என்ற ஆற்றின் கரையில் இருந்த ஒரு சின்ன விடுதிக்கு வழிகாட்டி வேலை கேட்டுப் போனேன். விடுதிக்காரர் முத்துக்குமாரு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் வழியில் அவரிடம் ஒரு இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். அவர்களை இரண்டாவது இரவும் தங்கவைக்க வேண்டும், அதுதான் வேலை. மாசியில் சேர்த்துக்கொண்டார். சித்திரை முடிவதற்குள் என்னால் அது ஆகும் என்று அவருக்குத் தோன்றினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நான் லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். பட்டச் சான்றிதழை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார்.

"பட்டம் எல்லாம் நல்லதுதான் தம்பி. ஆனா உம்மட பட்டம் இந்த ஊர் மழையை நிப்பாட்டுமோ?"

சத்தம் மட்டும்

முதல் விருந்தாளிகள் வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். அவர்களை அருவிக்கு அழைத்துப் போனேன். ஊருக்கு வெளியே பஸ் பாதையில் ஒரு பாலம். அதன் எதிரிலேயே அருவி மலை உச்சியிலிருந்து விழுந்து, பாலத்துக்கு அடியில் ஓடி ஓயாவில் சேரும். அந்த உச்சிக்கு மேலேதான் எங்கள் தோட்டம். முன்தினமே அருவியைப் பற்றி ஒரு பேச்சைத் தயாரித்து, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன்.

பாலத்தில் இறங்கியதும் பனி மூடியது. எதிரே மலையும் இல்லை, அருவியும் இல்லை. வெள்ளை வேட்டியை உதறிக் காயப்போட்டது போல ஒரே வெண்மை. அதற்கு உள்ளிருந்து ஓவென்ற இரைச்சல். தயாரித்த பேச்சு எனக்கு உதவவில்லை. பொய் சொல்லவும் தெரியவில்லை. "அருவி அங்கேதான் இருக்கிறது, நிச்சயமாக இருக்கிறது" என்று விரலை நீட்டி இரண்டு தடவை சொன்னேன். பனி விலகும் என்று நெடுநேரம் காத்திருந்தோம். விலகவில்லை. கடைசியில் அந்த அம்மா சேலைத் தலைப்பைக் காதைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு கணவரிடம் சொன்னார்: "சத்தம் நல்லாத்தான் இருக்கு. படத்தை நாளைக்கு வந்து பார்ப்போமே."

சொன்னபடியே அன்றிரவும் தங்கினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஐயாவிடம் ஓடினேன். அவர் பேப்பரை மடிக்காமலே சொன்னார்: "அது பனி தங்கவைச்ச ஆக்கள் தம்பி. நீர் இல்லை."

தொப்பி

கொழும்பு வியாபாரி ஒருவருக்குக் கொழுந்து எடுப்பதைப் படம் பிடிக்க ஆசை. வேனைத் தேயிலை மலை ஓரம் நிறுத்தச் சொன்னார். வெயிலுக்கு ஒரு பெரிய தொப்பி வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கையை ஊன்றி மலையைப் பார்த்து நின்றார். தோட்டத்தில் தொப்பியோடு இறங்கி அப்படி நிற்கிறவர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் தெரியாத துரை என்றால், கம்பெனி அனுப்பிய பெரிய துரை. வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஒரு சத்தம் கொடுத்தார். அதுவரை கதை பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடினார்கள். நூறு கைகள் தேயிலைச் செடியின் மேல் மழை பெய்வது போல ஓடின.

வியாபாரி மகிழ்ந்து போனார். "என்ன சுறுசுறுப்பு, என்ன சுறுசுறுப்பு" என்று படம் எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் வேனில் ஏறிய பிறகு நான் கங்காணியிடம் போய், அவர் துரையல்ல, புடவைக் கடைக்காரர் என்று உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கூடைகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தத் தொப்பிக்காரர வாரம் ஒருக்கா கூட்டியாங்க தம்பி. இன்னைக்கு மாதிரி ஒரு நாளும் கொழுந்து ஏறுனதில்ல."

ரயில் வளைவு

அருவி பனிக்குள் போய்விட்ட நாட்களில் என்னிடம் மிச்சம் இருந்தது ரயில்தான். ஓயாவுக்கு மேலே ஒரு திருப்பத்தில் நின்றால், பதுளை ரயில் மலையைச் சுற்றி வருவதை முழுதாகப் பார்க்கலாம். முதலில் புகை தெரியும். பிறகு எஞ்சின், பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தேயிலைக்குள் மறைந்து மறைந்து வரும். சாவகச்சேரியிலிருந்து வந்த ஒரு ஆசிரியரையும் அவர் மனைவியையும் அங்கே நிறுத்திவிட்டேன். ரயிலைக் காட்டவா இவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிவந்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

ரயில் வந்தது, வளைந்தது, போனது. ஆசிரியர் கடைசிப் பெட்டி மறையும்வரை எட்டிப் பார்த்தார். மனைவிதான் பெருமூச்சு விட்டார்.

"நேற்று இதிலதானே வந்தனாங்கள். உள்ளுக்கு இருக்கேக்க இவ்வளவு வடிவெண்டு தெரியேல்லை."

நீச்சல் வீரர்

இளம் வக்கீல் ஒருவர் வந்தார். கீரிமலைக் கேணியில் நீந்தி வளர்ந்தவராம். ஓயாவைக் கண்டதும் துண்டை எடுத்துக்கொண்டார். "தண்ணீர் கொஞ்சம் குளிரும்" என்றேன். "தண்ணி எண்டால் குளிரத்தான் வேணும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே பாறையிலிருந்து குதித்தார். போன வேகத்தைவிட வந்த வேகம் அதிகம். கரையில் நின்று வாயைத் திறந்தார். பற்கள் அடித்துக்கொண்டனவே தவிர சொல் வரவில்லை. எங்கள் வேன் டிரைவர் பண்டா தன்னுடைய கம்பளியைக் கழற்றி அவருக்குப் போர்த்தினார். பண்டா சிங்களவர், தமிழை வேனைப் போலவே நிதானமாக ஓட்டுவார், 'ஐயா' மட்டும் அவருக்கு 'மாத்தயா'தான்.

வக்கீல் காய்ச்சலோடு மூன்று நாள் விடுதியில் படுத்திருந்தார். அதையும் ஐயா என் கணக்கில் சேர்க்கவில்லை. "அது காய்ச்சல் தங்கவைச்ச ஆள்" என்றுவிட்டார். ஆனால் அன்று ஆற்றங்கரையில் பண்டா சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை.

"மாத்தயா, இந்த ஓயாவில நாங்க மாடு மட்டும்தான் குளிப்பாட்டுறது. அதுவும் ஓடும்."

நல்ல தூள்

தேயிலை நாட்டுக்கு வந்தவர்கள் நல்ல தேத்தண்ணி கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை நம் கடைத்தெருவில் நிறைவேற்றுவது கஷ்டம். பெரிய கணக்காளர் ஒருவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு வாய் குடித்தார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சுற்றிவரத் தேயிலை. இதில் மட்டும் ஏன் மணமே இல்லை?" என்று என்னைக் கேட்டார். நான் பொருளாதாரம் படித்தவன். ஏற்றுமதியைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். கடைக்காரருக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

"நல்ல தூளெல்லாம் சீமைக்குப் போயிருச்சுங்க. வேணும்னா கப்பலேறிப் போய் குடிச்சிட்டு வாங்க. இந்தக் கிளாஸுக்குக் காசு வேணாம்."

மேலே யார் வீடு

சித்திரையில் மழை பிடித்துக்கொண்டது. ரயில் பாதையில் மண் சரிந்து, வண்டிகள் நின்றன. விடுதி அறைகள் காலி. என் தவணை முடிய பத்து நாள்கூட இல்லை. ஞாயிறு வீட்டுக்குப் போனபோது, காட்டுவதற்கு ஆளே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அடுப்பை ஊதிக்கொண்டே, "ஆளில்லேன்னா எங்களுக்குக் காட்டேன். நாங்க மட்டும் என்னத்தப் பாத்துட்டோம்?" என்றார். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை அம்மா விடுதி வாசலில் நின்றார். கூடவே எங்கள் லயத்துப் பெண்கள் ஒரு வேன் நிறைய. தீபாவளிச் சேலை, தலையில் லயத்து வாசலில் பூத்த டேலியா. எல்லோரும் சேர்ந்து வேன் கூலியை முன்பே பண்டாவிடம் கொடுத்துவிட்டார்கள். ஐயா படியில் நின்று என்னைப் பார்த்தார். "தோட்டத்து ஆக்களோ?" என்றார். "என் அம்மா" என்றேன்.

அன்று விடுதியில் இருந்த ஒரே விருந்தாளிகள், கொழும்பிலிருந்து காரில் வந்த ஒரு பொறியியலாளரும் அவர் மனைவியும். அருவியைப் பார்த்துவிட்டு அப்படியே நுவரெலியாவுக்குப் போவதாக இருந்தார்கள். கார் முன்னே போக, நாங்கள் பின்னே போனோம்.

பாலத்தில் பனி இல்லை. இரண்டு வார மழையும் அருவியில் விழுந்துகொண்டிருந்தது. நான் பேச்சைத் தொடங்கவில்லை. பெண்கள் பாலத்தின் விளிம்பில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வரும் குறுக்குப் பாதை மலையின் மறுபக்கம். இந்தத் தண்ணீர் தங்கள் வாசலைக் கடந்து போவதைத் தினமும் பார்த்தவர்கள், அது எங்கே போய் விழுகிறது என்று பார்த்ததில்லை.

"இது நம்ம பீலித் தண்ணியாடா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார். பீலி என்பது லயத்துக்குத் தண்ணீர் விழும் குழாய். அங்கேதான் குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும்.

"ஆமாம்மா."

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். தொப்பிதான் இல்லை, மற்றபடி பெரிய துரை நின்ற மாதிரியே இருந்தது.

அதற்குள் பொறியியலாளரின் மனைவி, அந்தக் கொழும்பு அம்மாள், பாலத்தின் ஓரம் இறங்கி, "எவ்வளவு சுத்தமான தண்ணீர்!" என்று இரண்டு கையிலும் அள்ளி வாயருகே கொண்டுபோய்விட்டார்.

"குடிக்காதீங்கம்மா" என்று அம்மா கூப்பிட்டார். "மேல எங்க லயம். ஞாயித்துக்கெழம எல்லாரும் துணி தொவைக்கிற நாளு."

கையிலிருந்த தண்ணீர் கீழே போனது. எனக்கு அருவியோடு போய்விடலாம் போல இருந்தது. அந்த அம்மாள் நனைந்த கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்து முடித்து மேலே ஏறிவந்து, "எங்கே உங்கள் வீடு?" என்று கேட்டார்.

"அந்தா, உச்சியில ரெண்டு சவுக்கு மரம் தெரியுதுல்ல, அதுக்குப் பின்னால. அங்கேருந்து பாத்தா இந்தப் பாலம் தீப்பெட்டி மாதிரி இருக்கும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு. இந்தத் தண்ணியிலதான் இவன் தொட்டில் துணியெல்லாம் தொவச்சேன்." என்னைக் காட்டினார். "எம் மகன். பேராதனையில படிச்சுப் பட்டம் வாங்குனவன்."

"ஐயோ, நீங்க சொல்லவே இல்லையே" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். எதைச் சொல்லவில்லை, பட்டத்தையா, துணியையா என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்தப் பாறையில் துவைப்பது, மழைக்காலத்தில் தண்ணீர் எவர் சட்டையை அடித்துக்கொண்டு போனது, அது இந்நேரம் கடலுக்குப் போயிருக்குமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். "நாம் மேலே போய்ப் பார்க்கலாமா?" என்று அவர் கணவரைக் கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி அனுமதி வாங்கலாம் என்றேன்.

"இன்னைக்கு வேணாங்க. மத்தியானத்துக்கு மேல பாத வழுக்கும்" என்றார் அம்மா. "நாளைக்குக் காலையில வாங்க. எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லி வைக்கிறேன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். தண்ணி மேலேருந்து எடுத்தது, பயப்படாதீங்க."

விடுதிக்குத் திரும்பியதும் பொறியியலாளர் நேரே ஐயாவிடம் போய், அறை இன்னொரு இரவுக்கும் வேண்டும் என்றார். ஐயா வானத்தைப் பார்த்தார், பனி இல்லை. அந்த அம்மாளைப் பார்த்தார்; காய்ச்சல் இல்லை. விஷயத்தைப் பண்டா தன்னுடைய நிதானமான தமிழில் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், விருந்தாளிகளுக்கு எடுக்கும் பீங்கான் கோப்பைகளிலேயே எல்லாப் பெண்களுக்கும் தேத்தண்ணி கொண்டுவரச் செய்தார். அம்மாவுக்கு மட்டும் தன் கையால் கொடுத்தார்.

"உங்கட மகனை விட்டுட்டு உங்களையே வேலைக்கு வைச்சிருக்கலாம் போலை கிடக்கு" என்றார்.

அம்மா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எனக்கு வேல இருக்குங்கய்யா. விடிஞ்சா பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகணும். வேல வேணுங்கிறது இவனுக்குத்தான்."

அன்றே நான் நிரந்தரமானேன். ஆனால் லயத்தில் அன்று துணி துவைக்கிறார்களா என்று அம்மாவைக் கேட்காமல் இன்றுவரை ஒரு விருந்தாளியையும் அந்தப் பாலத்தில் இறக்கிவிட்டதில்லை.