வேலை செய்தால் குளிரும் ப்ரொஸஸர்

மற்றவர் எழுதிய கம்பியூட்டர் கோடில் குறை கண்டுபிடிப்பது சம்பளமும் நன்றியும் இல்லாத தொழில். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பியூட்டரை உள்ளிருந்து நடத்தும் கேர்னலில், ஒரு பாகத்தை இயக்கும் நிரலான ட்ரைவர் ஒன்று புதிதாகச் சேர வேண்டுமென்றால், அதை உலகமே வாசிக்கும் மின்னஞ்சல் பட்டியலில் போட வேண்டும். என்னைப் போல நாலு பேர் அதைக் கிழிப்போம். ப்ரொஸஸரின் சூட்டை அளக்கும் ட்ரைவர்கள் என் பங்கு. வெயில் கொளுத்தும் கல்முனையில் இருப்பவனுக்குச் சூட்டைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு.

பூச்சியம் பாகை

பொத்துவில் நுஸ்கா ஒரு ட்ரைவர் அனுப்பியிருந்தார். மீன் குளிரறைகளுக்குச் சின்னக் கம்பியூட்டர் பலகை செய்யும் கம்பனியில் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. ட்ரைவர் கேர்னலின் இந்த வெளியீட்டுச் சுற்றில் சேர்ந்தால் நிரந்தரம், சேராவிட்டால் வீடு என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமையோடு சுற்று முடிகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு பலகையை பஸ்ஸில் கொடுத்துவிட்டார். என் கூட்டாளி ஜௌபரின் கம்பியூட்டர் கடையில் அதைப் பூட்டினோம். பகல் பன்னிரண்டு மணி, கூரைத் தகரம் கொதிக்கிறது, திரையில் சூடு பூச்சியம். கேர்னலில் சூட்டைப் பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்காக எழுத வேண்டும். நுஸ்கா முழுப் பாகையாக எழுதிவிட்டார். ஐம்பது பாகை ஒன்றுமில்லாமல் போய்விட்டது. ஜௌபர் பலகையில் விரலை வைத்து, சுட்டதும் எடுத்துக்கொண்டு சொன்னான்: "மச்சான், இதுக்கு மேல மீன வெச்சா ஐஸே தேவல்ல."

பதினொரு குறை

அளவைத் திருத்தி இரண்டாவது தடவை அனுப்பினார். நான் பதினொரு குறை எழுதினேன். ஒரு சண்டையும் இல்லை, பதினொன்றையும் ஏற்றுக்கொண்டார். பரிசீலகனுக்கு இது சந்தேகம் வரவேண்டிய இடம். எனக்குப் பெருமைதான் வந்தது.

அதில் ஒரு குறை இது. அந்த ப்ரொஸஸர் தன் சூட்டைச் சொல்லாது. நூறு பாகை எல்லையைத் தொட இன்னும் எத்தனை பாகை மிச்சம் என்றுதான் சொல்லும். நுஸ்கா அதை நூறிலிருந்து கழித்திருந்தார். போன மாதம் நான் பார்த்த வேறொரு ப்ரொஸஸர் அந்த மிச்சத்தைக் கழித்தல் குறியோடு மறை எண்ணாகவே தந்தது, அதற்குக் கூட்டுவதுதான் சரி. ப்ரொஸஸரோடு வரும் விளக்கப் புத்தகமான மனுவலைத் திறக்காமலே இதற்கும் கூட்டச் சொல்லி எழுதிவிட்டேன். நுஸ்கா கூட்டிவிட்டார். புதன்கிழமை அந்த மூன்றாவது பதிப்பைப் பூட்டிப் பார்த்த ஜௌபர் போன் எடுத்தான். நூற்று நாற்பத்தைந்து காட்டுகிறதாம், வேலை கொடுத்தால் இறங்குகிறதாம். "ஒன்னப் போலதான்டா, சும்மா இரிந்தாத்தான் கொதிக்கிது."

தெரிந்தே செய்தது

அதற்குப் பிறகுதான் மனுவலைத் திறந்தேன். நுஸ்கா முதலில் எழுதியதுதான் சரி. சுற்று முடிய இரண்டு நாள், பட்டியலில் கிடப்பது என் பிழை, போகப்போவது அவருடைய வேலை.

உடனே போன் எடுத்து, மனுவலைக் கரைத்துக் குடித்த ஆளுக்கு இது தெரியாதா என்று கேட்டேன். அவர் என்னைக் காக்கா என்றுதான் அழைப்பார். எங்கள் பக்கம் அண்ணனுக்கு அதுதான் சொல். மெதுவாகச் சொன்னார்: "பிழை எண்டு தெரியும் காக்கா. உலகமே வாசிக்கிற இடத்தில ஒங்களப் போய் பிழை எண்டு எப்பிடிச் சொல்ற?"

வியாழன் பின்னேரம்

வெட்கமாக இருந்தது. அதே பட்டியலில், நான் சொன்னது பிழை, அவர் முதலில் எழுதியதே சரி என்று எழுதினேன். வியாழன் பின்னேரம் நான்காவது பதிப்பு வந்தது. சூடு சரி, வேலை கொடுத்தால் ஏறியது. நானும் வாய் சும்மா இருக்காமல், ஒரு மாறியின் பெயரை மாற்றினால் நல்லது என்று எழுதிவைத்தேன்.

பத்து நிமிடத்தில் பதில். மனுவலில் அதே பெயர்தான் இருக்கிறது, மாற்ற முடியாது என்று பக்க எண்ணோடு ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து பார்த்தால் ட்ரைவர் சேர்ந்திருந்தது. அடுத்த கிழமை வேலையும் நிரந்தரமானது. அந்தப் பதிலின் அடியில் உலகமே பார்க்க, எனக்கு மட்டும் விளங்கத் தமிழில் ஒரு வரி இன்னும் கிடக்கிறது: "காக்கா, இனி மனுவலப் பாத்திட்டு எழுதுங்க."

இத்தனை வருடத்தில் நான் எழுதிய பரிசீலனைகளில் ஒருவருக்கு உண்மையிலேயே உதவியது, 'நான் சொன்னது பிழை' என்ற ஒரு வரிதான்.